பத்தாவது முடிந்ததும் சலங்கையைக் கழற்ற வேண்டுமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்திருக்கிறது. தில்லியில் கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் பல வீடுகளில் அப்போது ஒரே பேச்சுத்தான் நடக்கும். தகப்பனார் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ஏழு வயதில் பரத நாட்டியம் கற்கத் தொடங்கிய பெண். தேர்வுக்காகக் கழற்றி வைத்த சலங்கை பீரோவின் மேல் தட்டில் துணிப்பைக்குள் கிடக்கிறது.

"ஏங்க, அவ மறுபடி டான்ஸ் கிளாசுக்குப் போகணும்கிறா."

"பிளஸ் ஒன் சேரப் போற பொண்ணுக்கு டான்ஸ் எதுக்கு? இனிமேலாவது படிப்பைப் பார்க்கச் சொல்லு."

"டான்ஸும் படிப்புத்தாம்பா. பிளஸ் டூவுல அது ஒரு சப்ஜெக்ட்."

தகப்பனார் நம்புவதில்லை. அதில் வியப்பும் இல்லை. நாட்டியம் என்றால் சனிக்கிழமை மாலை வகுப்பு, நவராத்திரிக்குக் கோயில் மேடை, பள்ளி ஆண்டு விழா, வசதி இருந்தால் ஓர் அரங்கேற்றம் என்றுதான் நம் வீடுகளில் கணக்கு. அதற்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று பலர் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் பெண் சொன்னது உண்மை.

ஆறு நடனங்கள், நூறு மதிப்பெண்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், அதாவது சி.பி.எஸ்.இ., 11, 12 ஆம் வகுப்புகளுக்கு வைத்திருக்கும் விருப்பப் பாடங்களில் நடனமும் ஒன்று. கதக், பரத நாட்டியம், குச்சிப்புடி, ஒடிசி, மணிப்புரி, கதகளி என்ற ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடத்திட்டம் உண்டு; இயற்பியலுக்கும் கணக்கியலுக்கும் இருப்பதுபோல் தனி எண்ணும் உண்டு. பரத நாட்டியத்தின் எண் 057.

மொத்த மதிப்பெண் 100. எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைத் தேர்வுக்கு 70. தேர்ச்சி பெற இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் எடுத்தாக வேண்டும். மேடையில் எவ்வளவு அழகாக ஆடினாலும் எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்டால் தேர்ச்சி கிடையாது. புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு அரைமண்டியில் நிற்கத் தெரியாமல் போனாலும் அதே கதிதான்.

இந்த மதிப்பெண் பங்கீட்டிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆடுவது இன்னது என்று சொல்லவும் தெரியவேண்டும் என்பதே அது. சனிக்கிழமை வகுப்புக்கும் பள்ளிப் பாடத்துக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கே தொடங்குகிறது.

குருவின் வகுப்பில் குழந்தை பார்த்துப் படிக்கிறது. தட்டுக்கழி விழும் இடத்தில் கால் விழ வேண்டும். குருவின் கை போகும் இடத்துக்குத் தன் கையும் போக வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாமல் நாட்டியம் இல்லை. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. ஆனால் ஏன் இப்படி, வேறு எப்படி, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விகளும் 15 வயதுக்கு மேல்தான் பிள்ளையின் மனதில் எழுகின்றன. நம்மவர்கள் சலங்கையைக் கழற்றச் சொல்லும் வயதும் அதுவேதான்.

ஒரு கையில் இருபது பொருள்

எழுத்துப் பாடத்தில் என்ன இருக்கிறது? பரதரின் நாட்டிய சாஸ்திரமும் நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணமும் அறிமுகமாகின்றன. நிருத்தம், நிருத்தியம், நாட்டியம் என்ற பாகுபாடு, ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்விகம் என்ற நான்கு வகை அபிநயம், உடையும் ஒப்பனையும், குருமார்களின் வாழ்க்கை, நடனத்தின் வரலாறு எல்லாம் வருகின்றன.

பெயர்களைக் கேட்டால் மிரட்சியாக இருக்கும். உள்ளே போனால் அப்படியில்லை. அபிநய தர்ப்பணம் 28 ஒற்றைக்கை முத்திரைகளைச் சொல்கிறது. முதல் முத்திரை பதாகை. விரல்களை நேராகச் சேர்த்துக் கட்டைவிரலை மடக்கினால் பதாகை வந்துவிடும். ஏழு வயதுக் குழந்தைகூட முதல் வாரத்தில் பிடித்துக் காட்டும். மேகம், காடு, நதி, இரவு, "வேண்டாம்" என்ற மறுப்பு எல்லாவற்றையும் அந்த ஒரே கையால் காட்டலாம் என்று நூல் பட்டியலிடுகிறது. அப்படியானால் பார்ப்பவருக்கு இது மேகம், இது நதி என்று எப்படித் தெரியும்? கண் எங்கே போகிறது, கை எந்த வேகத்தில் நகர்கிறது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் பொருள் பிறக்கிறது. இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நாளில்தான் நாட்டியம் அவளுக்கு மொழியாகிறது.

கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரசிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசிலோ ஊருக்குப் போகும் குடும்பங்கள் தஞ்சைக்கும் சிதம்பரத்துக்கும் போய்வருவதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 81 கரணங்கள் சிற்பங்களாக முற்றுப்பெற்று, மீதிக் கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் உள்ளன. மற்றவர்கள் அவற்றைக் கடந்து போவார்கள். இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளை அங்கே நின்று பார்க்கும்.

தாளமும் ஒரு கணக்கே

"கணக்கு விட்டுப் போகும்" என்று கவலைப்படும் தகப்பனார்கள் தாளத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். ஒவ்வோர் அட்சரத்தையும் நான்காகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ஒரு சொற்கட்டை மூன்று முறை ஆடித் தீர்மானமாக முடிக்க வேண்டும். மூன்றாவது முறை முடிந்தவுடன் அடுத்த தட்டு சரியாகச் சமத்தில் விழவேண்டும். சொற்கட்டு 8 மாத்திரையானால் இடையில் எவ்வளவு நிறுத்துவது? மூவெட்டு 24, மீதி 8. இடைவெளி இரண்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் 4. சொற்கட்டு 10 மாத்திரையானால் இடைவெளி ஒவ்வொரு மாத்திரைதான்.

விடை தெரிந்தபின் இது எளிய கூட்டல் கழித்தல். ஆனால் 32 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம், எந்த அடவுக்குப்பின் எந்த அடவு வந்தால் உடல் தடுமாறாது, எங்கே நிறுத்தினால் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார் என்று யோசிக்கத் தொடங்கும்போது பிள்ளை ஒரு புதுப்பொருளை உண்டாக்குகிறாள். தட்டடவும் நாட்டடவும் குரு கொடுத்தவை. அவற்றை அடுக்கிய வரிசை அவளுடையது.

அபிநயத்திலும் அப்படியே. "அவர் இன்னும் வரவில்லை" என்ற பொருளில் பதத்தில் ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். பாடகர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். நடனமாடுபவர் ஒவ்வொரு முறையும் வேறொன்றைக் காட்டவேண்டும். இதற்குச் சஞ்சாரி என்று பெயர். தில்லிப் பெண் இதற்காக எங்கே போவாள்? ஜனவரி மாதப் பனியில் பஸ் வராமல் நிறுத்தத்தில் காத்து நின்றிருக்கிறாள். ஓவர்டைம் முடிந்து அப்பா வரும்வரை பால்கனியில் நின்ற அம்மாவைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கழுத்துத் திருப்பமும், கதவோசை கேட்டு ஏமாந்த பார்வையும் பாட்டில் வரும் நாயகிக்குப் பொருந்தும். பழைய பாட்டுக்குள் தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் வைக்கத் தெரிவதற்குத்தான் படைப்பு என்று பெயர்.

ஒரே வரிக்குப் புதிது புதிதாகப் பொருள் விரித்துக் காட்டியதில் பெயர் பெற்றவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. அவருடைய அபிநயத்தைச் சத்யஜித் ராய் 1976 இல் "பாலா" என்ற படமாக எடுத்தார். வங்காளத்துப் பட இயக்குநர் ஒருவர் தமிழ்நாட்டு நடனக் கலைஞர் ஒருவரைப் படமெடுக்கத் தேடி வந்தார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மறக்கக் கூடாத கடன்

வரலாற்றுப் பாடம் இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. இன்று மேடையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரும் கச்சேரி முறையை 19 ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தினார்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்தச் சகோதரர்கள் நட்டுவனார் மரபினர். அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காத்தவர்கள் தேவதாசிப் பெண்கள். சமூகம் அவர்களை இழிவாகப் பார்த்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947 இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. அதே காலத்தில் ஈ.கிருஷ்ணய்யர் போன்றவர்கள் நடனத்தைச் சபா மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ருக்மிணி தேவி 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். "நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாமா?" என்ற கேள்வி மெல்ல மறைந்தது.

அந்த மாற்றத்தில் பலர் பெற்றார்கள்; சிலர் இழந்தார்கள். கலையைக் காத்த குடும்பங்களில் பல அதைவிட்டு விலகின. விலகாமல் நின்று ஆடிய பாலசரஸ்வதி 1973 இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி ஆனார். 1977 இல் பத்ம விபூஷண் பெற்றார். நாட்டியத்தை வெறும் பொழுதுபோக்காகக் கற்ற பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாமலே போகலாம். பாடமாகப் படிக்கும் பிள்ளை, தன் காலில் கட்டிய சலங்கை யார் காலிலிருந்து வந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பையன்களுக்கும் உண்டு

இந்தப் பாடம் பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. சி.வி.சந்திரசேகர் 1935 இல் சிம்லாவில் பிறந்த தமிழர். கலாக்ஷேத்திரத்தில் நாட்டியம் பயின்றார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னாளில் பரோடா பல்கலைக்கழகத்தில் நடனப் பேராசிரியராக இருந்தார். 2011 இல் அவருக்குப் பத்ம பூஷண் கிடைத்தது. முதிய வயதிலும் மேடையேறிய அவர் 2024 இல் காலமானார். விஞ்ஞானமா நாட்டியமா என்று வீட்டில் சண்டை வந்தால் அவருடைய வாழ்க்கையை நினைத்துப் பார்க்கலாம்.

விஞ்ஞானப் பிரிவில் சேரும் பிள்ளைகூட, பள்ளியில் வசதி இருந்தால், நடனத்தை ஐந்தாவது பாடமாகவோ கூடுதலான ஆறாவது பாடமாகவோ எடுக்க வாரியத்தின் திட்டத்தில் இடமுண்டு. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே கடினமான சுவர் கூடாது என்றே சொல்கிறது.

சோறு போடுமா?

குமாஸ்தா வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. எழுவதில் தவறும் இல்லை. நேரான பதில் இதுதான்: மேடைக் கச்சேரியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் மிகச் சிலர். பிளஸ் டூவில் நடனம் எடுத்ததால் யாரும் கையில் வேலை கொடுத்துவிடப் போவதில்லை. ஆனால் வரலாறு எடுத்தவருக்கும் பொருளாதாரம் எடுத்தவருக்கும் அதே நிலைதானே?

மேற்படிப்புக்கு வழி இருக்கிறது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும், 1956 இல் தொடங்கிய கைராகர் இந்திரா கலை, சங்கீதப் பல்கலைக்கழகத்திலும் நடனத்தில் பட்டம் பெறலாம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை உண்டு. கலாக்ஷேத்திரத்தில் நான்காண்டு டிப்ளமா உண்டு. பள்ளி நடன ஆசிரியர் வேலைக்கு ஆட்டத்தோடு பட்டமும் கேட்கிறார்கள். ஆராய்ச்சி, நட்டுவாங்கம், மேடை ஒளியமைப்பு, ஒப்பனை என்று துணைத் தொழில்களும் இருக்கின்றன.

வேறு பட்டப்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப்படிப்புக்குப் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. அதன் பாடப் பட்டியலில் நிகழ்த்து கலைகளும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் செல்லும் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறும். போக நினைக்கும் படிப்பின் விதிகளை முன்கூட்டியே படித்துப் பார்ப்பது நல்லது. சேர்ந்தபின் வருந்திப் பயனில்லை.

செலவும் உதவியும்

அரங்கேற்றம் என்றாலே நடுத்தரக் குடும்பம் நடுங்குகிறது. மண்டப வாடகை, பக்கவாத்தியம், பட்டு உடை, சாப்பாடு என்று சேமநிதியில் கடன் வாங்கும் அளவுக்குப் போகிறது. இங்கே ஒரு நிம்மதி: வாரியத் தேர்வு எழுத அரங்கேற்றம் தேவையில்லை. செய்முறைத் தேர்வில் பார்ப்பது உடையின் ஜரிகையை அல்ல. அடவின் சுத்தத்தையும் தாளத்தையும் பாவத்தையும்தான்.

10 முதல் 14 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் இருக்கிறது. தில்லி துவாரகாவில் தலைமையகம் உள்ள கலாசார வள, பயிற்சி மையம் 1982 முதல் கலைத்திறன் தேடல் உதவித்தொகைத் திட்டத்தை நடத்திவருகிறது. பிளஸ் ஒன் வரும்போது அந்த வயது தாண்டிவிடும். ஆகவே எட்டாம் வகுப்பு முடியுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். 18 முதல் 25 வயதுவரை உள்ள இளங்கலைஞர்களுக்கு மத்தியக் கலாசார அமைச்சகம் 2 ஆண்டுகளுக்கு வழங்கும் உதவித்தொகை தனி. ஆட்டோ ஓட்டுபவர் மகளுக்கும் ஆலைத் தொழிலாளி மகனுக்கும் இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும். தெரியாததாலேயே விண்ணப்பிக்காமல் போகும் பிள்ளைகள் உண்டு.

பள்ளியில் கேட்க வேண்டியவை

வாரியத்தின் பட்டியலில் பாடம் இருப்பது வேறு, உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருப்பது வேறு. எல்லாப் பள்ளிகளும் நடனத்தை வைப்பதில்லை. தகுந்த ஆசிரியர் வேண்டும். ஆட இடம் வேண்டும். பிற மாநிலங்களில் மாநில வாரியப் பள்ளிகளின் விதியும் வேறாக இருக்கும். ஆகவே பத்தாம் வகுப்பு நடக்கும்போதே பெற்றோர் பள்ளிக்குப் போய்ச் சில கேள்விகள் கேட்கவேண்டும்.

பிளஸ் ஒன்றில் நடனப் பாடம் உண்டா, உண்டென்றால் ஆறில் எது? ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா? வாரத்தில் எத்தனை பீரியட், அதில் எழுத்துப் பாடத்துக்கு எத்தனை? தமிழும் நடனமும் சேர்த்து எடுக்க இடம் இருக்கிறதா, அல்லது ஒன்றுக்காக மற்றதை விடவேண்டி வருமா? கடைசிக் கேள்வி முக்கியமானது. 1923 இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் தலைநகரில் தமிழைப் பாடமாகக் கொடுத்துவருகின்றன. பதங்களில் ஆடும் பிள்ளைக்கு அந்தத் தமிழ் புரிந்திருந்தால் அபிநயம் தானாக வரும். ஒன்றை இழந்து மற்றதைப் பெறுவது லாபமாகாது.

இன்னொன்று: 11, 12 இரண்டும் சேர்ந்து ஈராண்டுப் படிப்பு. பதினொன்றில் எடுக்காத பாடத்தைப் பன்னிரண்டில் புதிதாகச் சேர்க்க இயலாது. ஆகவே முடிவெடுக்கும் காலம் பிளஸ் ஒன் சேரும் அந்தச் சில வாரங்கள்தான்.

குறையும் சொல்ல வேண்டும். பாடம் என்று பெயர் வைத்ததாலேயே படைப்பு வந்துவிடாது. வினா-விடைப் புத்தகத்தை உருப்போட்டு, தேர்வுக்கு வேண்டிய உருப்படிகளை மட்டும் பழகி, நல்ல மதிப்பெண்ணோடு வெளியேறவும் முடியும். பிள்ளையைக் கேள்வி கேட்கவிடும் ஆசிரியர் வாய்த்தால்தான் பாடம் கலையாகும். வீட்டிலும் அப்படியே. "எத்தனை மார்க்?" என்று கேட்கும் தகப்பனார் ஒருநாள், "இந்த இடத்தில் ஏன் இப்படித் திரும்பினாய்?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். பெண் சொல்லும் பதிலில் அவள் படித்தது தெரியும்.

பிளஸ் ஒன் சேர்க்கையின்போது பள்ளி அலுவலகத்தில் பாடத் தேர்வுப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். நாலைந்து கட்டங்கள்தான். அதை ஆபீசுக்கு எடுத்துப்போய் நண்பர்களைக் கேட்டு நிரப்பாமல், பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்ப வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் அவள் எதை எழுதினாலும் சரி, பீரோவின் மேல் தட்டிலிருந்து சலங்கையை முதலில் கீழே எடுத்துக் கொடுத்துவிடலாம்.